பாணிகளைக் கொண்டு தமிழ் மின்னூல் அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதைத் தொகுப்பை மின்னூலாக்கும் வேலை என்னிடம் வந்தது. 22 கதைகள். கணினித் திரையில் பார்த்தபோது எல்லாம் அழகாகத்தான் இருந்தன. தலைப்புகள் பெரிய தடித்த எழுத்தில் நடுவில் நின்றன, ஒவ்வொரு கதையும் புதிய பக்கத்தில் தொடங்கியது. அதை அப்படியே இபப் (மின்னூல்களுக்கான கோப்பு வடிவம்) கோப்பாக மாற்றிக் கைப்பேசியில் திறந்தேன். பொருளடக்கம் காலியாக இருந்தது. ஸ்பேஸ் விசையைத் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவரப்பட்ட தலைப்புகள் இரண்டாக உடைந்து கிடந்தன. புதிய பக்கத்துக்காக என்டர் விசை 14 முறை தட்டப்பட்ட இடங்களில் வெற்றுத் திரைதான் வந்தது. அந்தக் கோப்பைச் சீராக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. தலைப்பு, பத்தி போன்றவற்றின் தோற்றத்தை ஒரு பெயரில் சேமித்து வைக்கும் வசதியான பாணிகளை (‘ஸ்டைல்ஸ்’) முதல் நாளே பயன்படுத்தியிருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும்.

எழுதுகிறவர்களும் பதிப்பிக்கிறவர்களும் அந்த ஒரு வாரத்தை இழக்க வேண்டாம் என்பதற்காக, நான் இப்போது பின்பற்றும் முறையை முழுமையாக எழுதுகிறேன். உரையை வடிவமைக்க லிப்ரெ ஆபிஸ் ரைட்டர், மின்னூலாக மாற்றக் காலிபர் என்று இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மென்பொருள்களே போதும். மைக்ரோசாஃப்ட் வேர்ட் பயன்படுத்துவோருக்கான வேறுபாடுகளை உரிய இடத்தில் சொல்கிறேன்.

பாணி செய்யும் வேலை

ஓர் இபப் கோப்பின் பெயரில் உள்ள நீட்சியை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே இணையப் பக்கங்களைப் போன்ற எச்டிஎம்எல் கோப்புகளும், அவற்றின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பும் இருக்கும். அச்சு நூலில் இருப்பதைப் போன்ற நிலையான பக்கம் அங்கே கிடையாது. எழுத்தின் அளவு, திரையின் அகலம், பின்னணி நிறம் எல்லாவற்றையும் வாசகர் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்வார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்ப உரை புதிதாக ஓடி அமரும்.

ஆகவே மின்னூலாக மாற்றும் மென்பொருளுக்கு ஒரே ஒரு செய்தி தெரிய வேண்டும்: இந்த வரி என்ன? தலைப்பா, பத்தியா, செய்யுளா, கடிதமா? ஒரு வரியைத் தேர்ந்து, தடித்த எழுத்தாக்கி, அளவை 18 ஆக்கினால் அது நம் கண்ணுக்குத் தலைப்பு. மென்பொருளுக்கோ வெறும் பெரிய எழுத்துப் பத்தி. அதே வரிக்கு ‘ஹெடிங் 1’ என்ற பாணியைக் கொடுத்தால், பொருளடக்கத்தில் சேர்ப்பது, புதிய பக்கத்தில் தொடங்குவது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் அதைத் தலைப்பு என்று அறிவிப்பது எல்லாம் அந்தப் பெயரிலிருந்தே கிடைத்துவிடும். தோற்றம் பிடிக்கவில்லையா? பாணியை ஒருமுறை திருத்தினால் 22 தலைப்புகளும் ஒன்றாக மாறும்.

முதல் படி: பிரதியைச் சுத்தம் செய்தல்

பொறுமையும் நேரமும் அதிகம் கேட்பது இந்தப் படிதான். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அதிலேயே வேலை செய்யுங்கள்.

பிரதி ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் இன்றும் அச்சகங்களிலிருந்து வருகின்றன. ஒரு பத்தியைத் தேர்ந்து அதன் எழுத்துருவை நோட்டோ செரிஃப் தமிழ் என்று மாற்றிப் பாருங்கள். தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது பழைய குறியாக்கம். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டு ஒருங்குறியாக்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். மாற்றியின் வழியாகப் போகும்போது தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் உதிர்ந்துவிடும் என்பதால், அடுத்த பத்தியில் சொல்லும் அடையாளக் குறிகளை மாற்றுவதற்கு முன்பே இட்டுவிடுவது நல்லது.

ஆசிரியர் வேண்டுமென்றே அழுத்தம் கொடுத்த சொற்களைக் காப்பாற்றுவது முக்கியம். இதை மறந்துவிட்டு எல்லா வடிவமைப்பையும் அழித்து, பிறகு மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டவர்கள் பலர். ரைட்டரில் கன்ட்ரோல்+எச் விசையால் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, குறிகளைக் கொண்டு தேட உதவும் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். தேடும் கட்டத்தில் .+ என்று இட்டு, ‘ஃபார்மட்’ பொத்தானில் தடித்த எழுத்து என்று குறிப்பிடுங்கள். மாற்றும் கட்டத்தில் ⟦&⟧ என்று இடுங்கள். தடித்த பகுதிகள் எல்லாம் ⟦இப்படி⟧ அடைப்புக்குள் வந்துவிடும். தலைப்புகளும் தடித்திருந்தால் அவையும் அகப்படும். தலைப்புகளைக் கண்டுபிடிக்க அது உதவியே. வேலை முடிந்ததும் ‘நோ ஃபார்மட்’ பொத்தானை அழுத்தி அந்த நிபந்தனையை நீக்குங்கள். நீக்காவிட்டால் அடுத்த தேடல்கள் எதையும் கண்டுபிடிக்காது, காரணமும் தெரியாது.

இன்னொன்றையும் காப்பாற்ற வேண்டும். கதைகளில் காலமோ இடமோ மாறும்போது ஆசிரியர் ஒரு வெற்று வரி விட்டிருப்பார். கன்ட்ரோல்+எஃப்10 அழுத்தினால் பத்திக்குறிகளும் இடைவெளிகளும் கண்ணுக்குத் தெரியும். அப்படியே கோப்பு முழுவதும் ஓடிப் பார்த்து, பொருளோடு விடப்பட்ட வெற்று வரிகளில் மட்டும் மூன்று உடுக்குறிகளை (*) இடுங்கள். எது காட்சி மாற்றம், எது விரல் தவறித் தட்டிய என்டர் என்று மென்பொருள் அறியாது; படித்துத்தான் சொல்ல முடியும். ஐயம் வந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள்.

இப்போது துணிந்து துடைக்கலாம். கன்ட்ரோல்+ஏ, பிறகு கன்ட்ரோல்+எம். கையால் இட்ட வடிவமைப்பு நீங்கும். அடிக்குறிப்புகள் இந்தத் தேர்வில் சேராது, அவற்றுக்குள் சென்று தனியாகச் செய்ய வேண்டும். அடுத்து, தேடும் கட்டத்தில் ^$ என்று இட்டு, மாற்றும் கட்டத்தைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் வெற்றுப் பத்திகள் மறையும். பத்தியின் தொடக்கத்தில் உள்ள ஸ்பேஸ்களை நீக்க ^ குறி, ஒரு ஸ்பேஸ், + குறி என்று தேடுங்கள். டேப்களுக்கு, பின்சாய்கோட்டை அடுத்து ஆங்கிலச் சிறிய ‘டி’ எழுத்தை இட்டுத் தேடலாம்.

இந்த நிலையில் கோப்பு முழுவதும் ஒரே மாதிரியாக, அழகற்றுக் கிடக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: தமிழுக்காக ஒரு முக்கியமான அமைப்பு

ஆங்கில வழிகாட்டிகளைப் பார்த்துப் பாணிகளைத் திருத்தியவர்கள் பலர், ‘எழுத்தின் அளவை மாற்றினேன், ஒன்றுமே மாறவில்லை’ என்று கைவிட்டிருக்கிறார்கள். காரணம் எளியது. எழுத்துகள் இணைந்தும் இடம்மாறியும் உருவெடுக்கும் தமிழை ரைட்டர் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற வகையில் வைக்கிறது. பாணியின் எழுத்துருப் பக்கத்தில் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு பகுதியும் இந்த வகைக்கு இன்னொரு பகுதியும் தனித்தனியே உண்டு. மேற்கத்தியப் பகுதியில் அளவை 11லிருந்து 14 ஆக்கினால், உரைக்குள் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் மட்டுமே பெரிதாகும்.

‘டூல்ஸ்’ மெனுவில் ‘ஆப்ஷன்ஸ்’ சென்று, மொழி அமைப்புகளில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே அதன் மொழியைத் தமிழ் என்று வையுங்கள். இனி ஒவ்வொரு பாணியிலும் எழுத்துரு, அளவு, தடிமன் மூன்றையும் இரு பகுதிகளிலும் கொடுங்கள். முந்தைய படியில் ஒருங்குறித் தமிழில் தடித்த எழுத்தைத் தேடும்போதும் இதே பகுதியில்தான் தடிமனைக் குறிப்பிட வேண்டும். வேர்டிலும் எழுத்துருப் பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று தனிப் பகுதி இருக்கிறது. விதி அங்கேயும் அதுவே.

மூன்றாம் படி: பாணிகளை அமைத்தல்

எஃப்11 அழுத்தினால் பாணிகளின் பலகம் திறக்கும். நமக்குப் பெரும்பாலும் பத்திப் பாணிகளும், ஓரிரு எழுத்துப் பாணிகளும் போதும்.

உடல் உரைக்கு மென்பொருளோடு வரும் ‘பாடி டெக்ஸ்ட்’ பாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்புகளில் இதன் பெயர் ‘டெக்ஸ்ட் பாடி’. வலது பொத்தானைச் சொடுக்கித் திருத்தும் பெட்டியைத் திறந்து, முதல் வரி உள்தள்ளலை அரை சென்டிமீட்டர் அளவுக்கு வையுங்கள்; பத்திகளுக்கு இடையிலான இடைவெளியைச் சுழியமாக்குங்கள். கதைக்கும் நாவலுக்கும் இந்த முறை பொருந்தும். கட்டுரை நூல் என்றால் உள்தள்ளலை விட்டுவிட்டு இடைவெளி கொடுக்கலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்வது பக்கத்தைச் சிதறடித்துவிடும்.

வரி இடைவெளியை ‘ப்ரபோர்ஷனல்’ என்ற விகித முறையில் 130 விழுக்காடு அளவில் வைக்கிறேன். ‘ஃபிக்ஸ்ட்’ என்ற நிலையான அளவை ஒருபோதும் தொடாதீர்கள். ‘கீ’யின் சுழி மேலே எழும், ‘மூ’வின் கால் கீழே இறங்கும். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் நிலையான இடைவெளியில் இவை ஒன்றோடொன்று மோதும்.

இருபக்கமும் சமமாக்கும் அமைப்பு அச்சில் அழகுதான். கைப்பேசியில் ‘பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ போன்ற ஒரு சொல் வந்தால், ஒரு வரிக்கு மூன்று சொற்களே கொள்ளும் திரையில் ஓட்டைகள் விழும். நான் இடப்பக்கச் சீரையே வைக்கிறேன். அச்சுத் தோற்றத்துக்குப் பழகிய பதிப்பாளர்கள் முதலில் மறுப்பார்கள். கைப்பேசியில் இரண்டையும் காட்டினால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

எழுத்தின் நிறத்தை ‘ஆட்டோமேட்டிக்’ என்றே விடுங்கள். கறுப்பு என்று குறிப்பிட்டுவிட்டால், இரவில் கறுப்புப் பின்னணியில் படிக்கும் வாசகருக்கு உரையே தெரியாமல் போகக்கூடும்.

கதைத் தலைப்புக்கு ‘ஹெடிங் 1’. கதைக்குள் எண்ணிட்ட பகுதிகள் இருந்தால் ‘ஹெடிங் 2’. தலைப்புகளுக்குச் சொந்தப் பெயரில் பாணி உருவாக்க வேண்டாம். மாற்றும் மென்பொருள்கள் இந்த மரபான பெயர்களைத்தான் அடையாளம் காண்கின்றன. ‘ஹெடிங் 1’ பாணியின் ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’ பக்கத்தில், முன்னதாகப் பக்க முறிவு இடும்படி அமையுங்கள். அதன் பிறகு கதைகளுக்கு நடுவில் என்டர் தட்ட வேண்டிய தேவையே இராது. எழுத்தின் அளவை 140% என்று விழுக்காட்டில் கொடுத்தால், தாய்ப் பாணியின், அதாவது அது பண்புகளைப் பெறும் மூலப் பாணியின், அளவுக்கு ஏற்பத் தலைப்பும் வளரும்.

தலைப்பை அடுத்து வரும் முதல் பத்திக்கு உள்தள்ளல் தேவையில்லை. ‘பாடி டெக்ஸ்ட்’ பாணியைத் தாயாகக் கொண்டு ‘முதல் பத்தி’ என்று ஒரு பாணியை உருவாக்கி, உள்தள்ளலை மட்டும் சுழியமாக்குங்கள். மற்ற பண்புகள் எல்லாம் தாயிடமிருந்தே வரும். நாளை உடல் உரையின் எழுத்துருவை மாற்றினால் இதுவும் சேர்ந்து மாறும். பாணிகளைத் தனித்தனியே உருவாக்காமல் இப்படிப் பரம்பரையாக அமைப்பதில்தான் உண்மையான நேர மிச்சம் இருக்கிறது. ‘நெக்ஸ்ட் ஸ்டைல்’ என்ற இடத்தில், தலைப்புக்குப் பின் ‘முதல் பத்தி’, அதற்குப் பின் ‘பாடி டெக்ஸ்ட்’ என்று கொடுத்துவிட்டால், புதிதாக எழுதும்போது என்டர் தட்டத் தட்டப் பாணி தானாகவே மாறும்.

இவற்றோடு, காட்சி மாற்றத்து உடுக்குறிகளுக்கு நடுவில் அமையும் ஒரு பாணி, கதைக்குள் வரும் கடிதங்களுக்கு இருபுறமும் உள்ளொடுங்கிய ஒரு பாணி, பதிப்புரிமைப் பக்கத்துக்குச் சிறிய எழுத்தில் ஒரு பாணி. இதற்கு மேல் சேர்க்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். நூல் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பாணிகளைத் தாண்டினால், எதை எங்கே கொடுத்தோம் என்பதே மறந்துவிடும்.

சாய்வெழுத்து பற்றி ஒரு சொல். தமிழ் எழுத்துக்கு இத்தாலிக் மரபு கிடையாது. பெரும்பாலான எழுத்துருக்களில் கணினி இயந்திரத்தனமாக எழுத்தைச் சரித்துக் காட்டுகிறது. வட்டங்கள் நசுங்கிப் படிக்கச் சிரமமாகிறது. அழுத்தம் வேண்டிய சொற்களுக்கு ‘ஸ்ட்ராங் எம்ஃபசிஸ்’ என்ற எழுத்துப் பாணியைக் கொடுங்கள். பாத்திரத்தின் மனவோட்டத்துக்கு ஒற்றை மேற்கோள் குறியே போதும்.

செய்யுளும் கவிதையும்

தமிழ் மின்னூல்களில் மிக அதிகமாகப் பாழாவது செய்யுள்தான். குறள் வெண்பாவை எடுத்துக்கொள்வோம். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் நான்காம் சீர் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். அப்போது ஈரடிச் செய்யுள் மூன்று அடிகளாகத் தோன்றும். யாப்பு அறிந்தவர் கண்ணில் அது முள்ளாகக் குத்தும்.

இதற்குத் தீர்வு தொங்கும் உள்தள்ளல். ‘செய்யுள் அடி’ என்று ஒரு பாணியை உருவாக்கி, இடப்புற உள்தள்ளலை 1.5 சென்டிமீட்டராகவும், முதல் வரியை −0.8 சென்டிமீட்டராகவும் வையுங்கள். மடங்கி இறங்கும் சீர் சற்று உள்ளே தள்ளி நிற்கும், அது முந்தைய அடியின் தொடர்ச்சி என்று கண் உடனே அறிந்துகொள்ளும்.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. செய்யுள் முழுவதையும் ஒரே பத்தியாக வைத்து, அடிகளை ஷிஃப்ட்+என்டர் கொண்டு பிரிப்பார்கள். தொங்கும் உள்தள்ளல் பத்தியின் முதல் வரியை மட்டுமே வெளியே நிறுத்தும். மற்ற அடிகள் அனைத்தும் மடங்கிய வரிகளைப் போல உள்ளே போய்விடும். ஆகவே ஒவ்வோர் அடியையும் தனிப் பத்தியாக வையுங்கள். கடைசி அடிக்கு மட்டும், கீழே இடைவெளி கொண்ட ‘செய்யுள் ஈற்றடி’ என்ற பாணியைக் கொடுங்கள். புதுக்கவிதைக்கும் இதே முறை பொருந்தும். கவிஞர் எங்கே வரியை முறித்தார், திரை எங்கே முறித்தது என்ற வேறுபாடு வாசகருக்குத் தெரிவது அங்கே இன்னும் முக்கியம்.

நான்காம் படி: பாணிகளைக் கொடுத்தல், சரிபார்த்தல்

எல்லாவற்றையும் தேர்ந்து ‘பாடி டெக்ஸ்ட்’ கொடுத்துவிடுங்கள், விசை கன்ட்ரோல்+0. பிறகு மேலிருந்து கீழே வந்து, தலைப்புகளுக்குக் கன்ட்ரோல்+1 அழுத்துங்கள். வேர்டில் இது கன்ட்ரோல்+ஆல்ட்+1. உடுக்குறிகளைத் தேடி எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்து, ஒரே சொடுக்கில் காட்சி மாற்றப் பாணியைக் கொடுக்கலாம். தேடும் முன் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள், உடுக்குறிக்கு அங்கே வேறு பொருள் உண்டு.

அழுத்தச் சொற்களுக்கு அந்த டிக்கைத் திரும்ப இட்டு, ⟦[^⟧]+⟧ என்று தேடி, ‘ஃபைண்ட் ஆல்’ கொடுங்கள். எல்லா அடைப்புகளும் தேர்வாகும். ‘ஸ்ட்ராங் எம்ஃபசிஸ்’ பாணியை இருமுறை சொடுக்குங்கள். இறுதியில் ⟦, ⟧ இரண்டையும் தேடி வெறுமையாக மாற்றிவிட்டால், அடையாளம் மறைந்து அழுத்தம் மட்டும் நிற்கும். தலைப்புகளில் இருந்த அடைப்புகளை மட்டும் முன்னதாகவே கையால் நீக்கிவிடுங்கள். தலைப்புக்கான தடிமன் ‘ஹெடிங் 1’ பாணியிலிருந்தே வர வேண்டும்.

சரிபார்க்க எஃப்5 அழுத்தி நேவிகேட்டரைத் திறங்கள். தலைப்புகளின் பட்டியல் அங்கே மரம்போல விரியும். 22 கதைகள் என்றால் 22 பெயர்கள் இருக்க வேண்டும். பெயரற்ற தலைப்பு ஒன்று தெரிந்தால், ஏதோ ஒரு வெற்று வரிக்குத் தலைப்புப் பாணி போயிருக்கிறது. லிப்ரெ ஆபிஸ் 7.6 முதல் பாணிப் பலகத்தில் ‘ஸ்பாட்லைட்’ என்ற வசதி வந்திருக்கிறது. அதை டிக் செய்தால் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பாணிக்கு ஒரு நிறமும் எண்ணும் தெரியும். கையால் இட்ட வடிவமைப்பு மிச்சமிருந்தால் கோடுகளிட்டுக் காட்டும். அந்தக் கோடுகள் ஒன்றுகூட இல்லாமல் போகும்வரை நான் அடுத்த படிக்குச் செல்வதில்லை.

படங்களை ‘ஆஸ் கேரக்டர்’ என்று நங்கூரமிட்டு, தனிப் பத்தியில் வையுங்கள். அடிக்குறிப்புகளை எண் தட்டச்சு செய்து இடாமல் ‘இன்செர்ட்’ மெனுவின் வழியாகவே இடுங்கள். அப்போதுதான் மின்னூலில் தொட்டால் செல்லும் இணைப்பாக மாறும். பக்க எண்களோடு தட்டச்சு செய்த பொருளடக்கம் இருந்தால் அழித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: இபப் ஆக்குதல்

ரைட்டரிலேயே நேரடி இபப் ஏற்றுமதி உண்டு. ஆனாலும் கோப்பை டாக்எக்ஸ் (வேர்டின் கோப்பு வடிவம்) வடிவில் சேமித்துக் காலிபரில் மாற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன். தலைப்புப் பாணிகளைக் காலிபர் முறையான தலைப்புக் குறிகளாக மாற்றுகிறது, விளைவைத் திறந்து திருத்தவும் இடம் தருகிறது.

காலிபரில் நூலைச் சேர்த்ததும் தலைப்பு, ஆசிரியர், அட்டை ஆகியவற்றை நிரப்பி, மொழியைத் தமிழ் என்று குறிப்பிடுங்கள். உரையை ஒலியாக்கும் செயலிகள் இந்தக் குறிப்பைப் பார்க்கின்றன. பிறகு ‘கன்வர்ட் புக்ஸ்’.

தமிழ் நூல்களுக்கு ஏன் பாணி இன்னும் கட்டாயம் என்பது இங்கேதான் புரியும். அத்தியாயத் தொடக்கங்களைக் கண்டுபிடிக்கக் காலிபர் இயல்பாக வைத்திருக்கும் விதி, தலைப்புகளில் ‘சாப்டர்’, ‘பார்ட்’ போன்ற ஆங்கிலச் சொற்களைத் தேடுகிறது. ‘அத்தியாயம்’ என்ற சொல்லை அது அறியாது. ஆனால் முதல் இரண்டு நிலைத் தலைப்புகளுக்கு முன் பக்கத்தைப் பிரிக்கும் விதி, மொழியைப் பார்ப்பதில்லை. பாணி கொடுத்திருந்தால் உங்கள் கதைகள் தாமாகவே பிரியும். பொருளடக்கப் பக்கத்தில் முதல் நிலைக்கு எச்1 (‘ஹெடிங் 1’ தலைப்பின் குறி), இரண்டாம் நிலைக்கு எச்2 என்று மந்திரக்கோல் பொத்தானின் வழியாகத் தேர்ந்துகொள்ளுங்கள். இபப் பக்கத்தில் பதிப்பை 3 என்று வைக்கலாம். ‘ஹியூரிஸ்டிக் ப்ராசசிங்’, பத்தி இடைவெளி நீக்கம் போன்றவற்றைத் தொடாதீர்கள். அவை பாணியற்ற கோப்புகளுக்கான மருந்துகள்.

கடைசிப் படி: படித்துப் பார்த்தல்

காலிபரின் ‘எடிட் புக்’ சாளரத்தில் எஃப்7 அழுத்தினால் கோப்பின் பிழைகளைச் சொல்லும். அதை முடித்துக்கொண்டு உண்மையான கருவியில் படியுங்கள். எழுத்தை மிகப் பெரிதாக்கி ஒரு செய்யுளைப் பாருங்கள். பின்னணியைக் கறுப்பாக்குங்கள். பொருளடக்கத்திலிருந்து கடைசிக் கதைக்குத் தாவுங்கள். ஓர் அடிக்குறிப்பைத் தொட்டுச் சென்று திரும்புங்கள். கிண்டிலில் வெளியிடுவதாக இருந்தால் கிண்டில் ப்ரிவியூவரிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பிழை தென்பட்டால் இபப் கோப்பைத் திருத்தத் தொடங்காதீர்கள். ரைட்டருக்குத் திரும்பி, பாணியைத் திருத்தி, மறுபடி மாற்றுங்கள். சில நிமிட வேலைதான். இபப்பில் நேரடியாகச் செய்த திருத்தம், ஆசிரியர் இரண்டு எழுத்துப்பிழைகளைச் சொல்லி அனுப்பும் மறுநாளே தொலைந்துபோகும்.

நூல் நிறைவானதும், உரையை அழித்துப் பாணிகளை மட்டும் வைத்து ‘ஃபைல்’ மெனுவின் ‘டெம்ப்ளேட்ஸ்’ வழியாக ஒரு வார்ப்புருவாகச் சேமியுங்கள். அடுத்த நூலுக்கு மூன்றாம் படி முழுவதையும் தாண்டிச் செல்லலாம். என்னிடம் இப்போது கதைக்கு ஒன்று, கவிதைக்கு ஒன்று, அடிக்குறிப்பு மிகுந்த கட்டுரை நூல்களுக்கு ஒன்று என்று மூன்று வார்ப்புருக்கள் இருக்கின்றன.